வராத மூன்று நாட்களின் புள்ளிகள்

எனக்கு முன்கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொறற்றி அக்காவின் உயிர் ஊசலாடியதில் அந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு.

நாங்கள் ஏழு பேர், சுமோ பைத்தியங்கள். ஜெர்மனியில் வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு, ஜப்பானில் இரண்டு குண்டர்கள் மோதினால் யார் விழுவான் என்று காலைக் காப்பிக்கு முன்னால் கணிப்பவர்கள். குண்டர்கள் என்று நான் சொல்லலாம். வெளியாள் யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். வருடத்துக்கு ஆறு தொடர், ஒவ்வொன்றும் பதினைந்து நாள். நாளுக்கு இருபது ஜோடி. கிழக்குப் பக்கத்து ஆளா, மேற்குப் பக்கத்து ஆளா என்று ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவனைக் குறிக்க வேண்டும். சரியாக இருந்தால் ஒரு புள்ளி. குளிர்காலத்தில் அங்கே மாலை ஆட்டம் தொடங்கும்போது இங்கே காலை எட்டு ஆகியிருக்காது, அதனால் ஏழரைக்குள் குறித்தாக வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் அந்த நாளுக்குப் பூச்சியம். பரிசெல்லாம் கிடையாது. வீண் பெருமை மட்டும்தான், ஆனால் அதற்காக நாங்கள் போட்ட சண்டைகளை வெளியில் சொல்ல முடியாது.

ஆட்டத்தின் இணையப் பக்கத்தைக் கட்டி நடத்துவது நான். கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. பகலில் அடுத்தவன் எழுதிய தப்பைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறேன், காலையில் என் தப்பை நானே எழுதுகிறேன்.

கொறற்றி அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். கெல்சென்கிர்ச்சனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தார், தனியாகக் குடியிருந்தார். ஒரே தம்பி கனடாவில். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. வீடியோ அழைப்பில் பார்த்திருக்கிறேன், பெரிய கண்ணாடி, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. சுமோவில் உங்களுக்கு அப்படி என்ன பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். தன்னுடைய அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வர ஏழு வருடம் ஆயிற்று, இதில் பத்து செக்கனில் முடிவு தெரிகிறது, அதுதான் என்றார்.

வீரர்களின் ஜப்பானியப் பெயர்கள் அவர் வாயில் நிற்காது. எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். வட்டத்துக்குள் மெல்ல நடந்து வருகிறவன் மாப்பிள்ளை. நெடுநேரம் யோசித்துவிட்டுப் பாய்கிறவன் கணக்கு வாத்தியார். உடம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகத் திரண்ட ஒருவன் பலாப்பழம். பலாப்பழம் எவனோடு மோதினாலும் அக்காவின் வாக்கு பலாப்பழத்துக்குத்தான். கடைசியில் நாங்கள் ஏழு பேரும் அந்தப் பெயர்களையே சொல்லப் பழகிவிட்டோம். நவம்பர் தொடருக்காக அவர் வருடத்தின் மிச்ச விடுமுறையைச் சேர்த்து வைப்பார். இரண்டு வாரம் வேலைக்குப் போகமாட்டார். ஆகவே அந்த இரண்டு வாரமும் வேலையிடத்தில் அவரை ஒருவரும் தேடமாட்டார்கள்.

இனி என் கோபத்தின் கதை. செப்டம்பர் தொடரில் என் அலுவலக நண்பன் சுதீர் இரண்டு நாள் குறிக்க மறந்தான். மறந்தவன் சும்மா இருந்தானா? பூச்சியம் அநியாயம், சலுகை வேண்டும், விதியை மாற்று என்று கேன்டீனில் சாப்பிடும்போதெல்லாம் நச்சரித்தான். எரிச்சலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். யாராவது ஏழரைக்குள் குறிக்காவிட்டால், அவர் பழைய தொடர்களில் எப்படிக் குறித்தார், யாருக்குச் சாய்வார், யாரை நம்பமாட்டார் என்று பார்த்து, அவர் குறிக்கக்கூடிய மாதிரியே அது இருபதையும் நிரப்பிவிடும். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இயந்திரம் நிரப்பியது என்று காட்ட ஓர் அடையாளம் போட நினைத்தேன், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் அத்தனை பேரும் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

தினமும் ஏழரைக்கு என் பக்கம் எல்லோருடைய கணிப்பையும் எங்கள் வாட்ஸப் குழுவில் தானாகவே போட்டுவிடும். நவம்பர் தொடரின் ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை, ஏழு பேருடைய வரிசையும் வந்தது. அக்காவுக்கு அன்று பதின்மூன்று புள்ளி. ஏழாம் நாள், சனிக்கிழமை, அக்காவுக்குப் பதினேழு. எங்கள் ஆட்டத்தில் அதுவரை யாரும் பதினேழு எடுத்ததில்லை. குழுவே அல்லோலகல்லோலப்பட்டது. டோர்ட்மண்டில் பஸ் மெக்கானிக்காக இருக்கும் சூசைதாசன் அண்ணா பொன்னாடை போர்த்தும் படம் அனுப்பினார். சுதீர் பத்து ஸ்டிக்கர் போட்டான். முதல் இடத்தில் இருந்த நான் இரண்டாவது இடத்துக்கு இறங்கினேன்.

அக்கா பதில் சொல்லவில்லை. தலைக்கனம் ஏறிவிட்டது என்று எல்லோரும் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி வரவில்லை, வயிறுதான் எரிந்தது. "ஜெயிச்சா பதில் சொல்ல மாட்டீங்களோ அக்கா?" என்று எழுதி அனுப்பினேன். அதன் பக்கத்தில் இரண்டு சாம்பல் நிற டிக் விழுந்தது. நீலமாக மாறவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

அன்றைய ஆட்டத்தில்தான் பலாப்பழத்தின் முழங்கால் முறுக்கிக்கொண்டது. விழுந்தவன் எழவில்லை, பெரிய சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவன் ஆடமாட்டான் என்ற செய்தி ஞாயிறு விடியும்போதே வந்துவிட்டது. ஆட வராதவனின் எதிரிக்கு வெற்றி தானாகக் கிடைத்துவிடும். எங்களுக்கெல்லாம் அது சும்மா கிடைக்கும் புள்ளி. ஆறு பேரும் எதிரியைக் குறித்திருந்தோம். ஏழரைக்கு வரிசைகள் வந்தபோது அக்காவின் பெயருக்கு நேரே பலாப்பழம் இருந்தான்.

அக்காவின் லவ்வுக்கு அளவே இல்லையா என்று சுதீர் சிரித்தான். நானும் சிரித்தேன். அடுப்பில் காப்பிக்குப் பால் வைத்திருந்தேன், சிரித்துக்கொண்டே அதைப் பார்க்கப் போனேன். பாதி வழியில் நின்றுவிட்டேன்.

அக்கா விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து எந்த வீரனுக்கு எங்கே வலி என்று தேடிப் படிக்கிறவர். பலாப்பழம் தும்மினால் எங்களுக்குச் செய்தி அனுப்புகிறவர். அவன் முழங்கால் போன செய்தி அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. வரமாட்டான் என்று தெரிந்தவனுக்கு மனிதர் யாரும் வாக்குப் போடமாட்டார்கள். செய்தி படிக்கத் தெரியாத ஒன்றுதான் போடும்.

மடிக்கணினியைத் திறந்து பதிவேட்டைப் பார்த்தேன். கொறற்றி அக்கா கடைசியாக உள்ளே வந்தது வியாழன் காலை ஏழு பன்னிரண்டு. வெள்ளி, இயந்திரம். சனி, இயந்திரம். ஞாயிறு, இயந்திரம். அந்தப் பதினேழும் இயந்திரத்தினுடையது. மூன்று நாளாக அக்கா இல்லை, நாங்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தோம்.

பயம் என்று நான் அதுவரை நினைத்திருந்ததெல்லாம் பரீட்சைப் பயம், விசாப் பயம். இது வேறு. பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்த வாடை வந்தது, போய் அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

அக்காவின் எண்ணுக்கு அழைத்தேன். மணி போனது. முழுவதும் போய் ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன். போன் அணைந்திருந்தால்கூட வெளியூர் போயிருப்பார் என்று மனதைத் தேற்றியிருக்கலாம். மணி போகப் போகத்தான் பயம் கூடியது. அந்தப் போன் எங்கேயோ மின்சாரத்தில் மாட்டியபடி உயிரோடு இருக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை.

போலீஸுக்கு அழைத்தேன். என் ஜெர்மன் நல்ல நாளிலேயே தடுமாறும். மறுமுனையில் இருந்தவர் பொறுமைசாலி. பெயர் கேட்டார், கொறற்றி என்றேன். குடும்பப் பெயர் கேட்டார், தெரியாது. தெரு கேட்டார், தெரியாது. கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றார். பார்த்ததே இல்லை என்றேன். எப்படித்தான் பழக்கம் என்று கேட்டார். சுமோவில் யார் ஜெயிப்பார் என்று சேர்ந்து கணிப்போம் என்றேன். ஆபத்து என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றார். இன்றைக்கு வராத மல்லனுக்கு வாக்குப் போட்டிருக்கிறார் என்றேன். அப்படியானால் இன்று காலை வாக்குப் போட்டிருக்கிறாரே என்றார். இல்லை, அது அவர் இல்லை, நான் எழுதிய நிரல் என்று சொன்னேன். சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் போன் எண்ணை எழுதிக்கொண்டார், அதை வைத்து ஆளைத் தேடச் சொல்வதாகச் சொன்னார். முழுப்பெயரோ தெருவோ கிடைத்தால் உடனே கூப்பிடுங்கள், ஆள் அனுப்புகிறோம் என்றார்.

நான்கு வருடப் பழக்கம். அவருக்குப் பிடித்த மல்லன் யார், வெறுப்பவன் யார், எந்தக் கிழமை அரைக்கண்ணால் குறிப்பார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு இயந்திரம் அவராக நடிக்கும் அளவுக்குத் தெரியும். எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தெரியாது. என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையை ஓங்கிக் குத்தினேன். வலித்ததுதான் மிச்சம்.

சூசைதாசன் அண்ணாவை எழுப்பினேன். அக்கா போன் எடுக்கவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இப்போதுதானே கணிப்பு வந்தது என்று அவரும் கேட்டார். அது அவர் போட்டதில்லை, அப்புறம் சொல்கிறேன் என்றேன். அவர் அதற்குமேல் துருவவில்லை. அக்கா மாதம் ஒருமுறை சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குப் போவார், அங்கே யாருக்காவது வீடு தெரிந்திருக்கும், விசாரிக்கிறேன் என்றார். பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். பின்னால் கார் ஓடும் சத்தம் கேட்டது.

"விலாசம் இன்னும் கிடைக்கேல்லை, தங்கச்சி. எண்டாலும் நான் வெளிக்கிட்டிட்டன். கெல்சென்கிர்ச்சனுக்குப் போய் நிண்டுகொண்டு தேடுவம்."

அதற்குள் ஜப்பானில் ஆட்டம் தொடங்கிவிட்டது. என் மடிக்கணினியில் பக்கம் திறந்தே கிடந்தது. ஒவ்வொரு ஜோடி முடிய முடிய, புள்ளிகள் தானாக ஏறும்படி அதையும் நானே எழுதியிருந்தேன். கொறற்றி அக்காவின் பெயருக்கு நேரே ஒன்று ஏறியது. இரண்டு ஏறியது. மாப்பிள்ளை ஜெயித்தான், மூன்று. யார் யாரையோ அழைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிவிட வேண்டும் என்று தோன்றியது, மூட முடியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த எண் அசையும்வரை அவர் இருக்கிறார் என்று ஒரு முட்டாள் நம்பிக்கை. நடுவில் நான் ஒரு புள்ளி முந்தினேன், எட்டரைக்கு அக்கா மறுபடி எனக்கு முன்னால் போனார். நான் வாய்விட்டு அழுதேன்.

எட்டே முக்காலுக்கு விலாசம் கிடைத்தது. தமிழ்ப் பூசையில் பாடும் ஒரு பெண் போன ஈஸ்டரில் அக்காவை வீட்டில் இறக்கிவிட்டிருக்கிறார். தெருப் பெயர், மூன்றாம் மாடி, பின் வாசல். அக்காவின் முழுப்பெயர் மரிய கொறற்றி அருளப்பு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போலீஸுக்குச் சொன்னேன். அவர்களுடைய வண்டி போகுமுன் சூசைதாசன் அண்ணா போய்விட்டார். போனை வைக்காதீர்கள், அப்படியே பேசிக்கொண்டிருங்கள் என்று கெஞ்சினேன். அவர் படி ஏறும் மூச்சு கேட்டது. மணி அடிக்கும் சத்தம், கதவைத் தட்டும் சத்தம், அக்கா அக்கா என்று கூப்பிடும் சத்தம். எதற்கும் பதில் இல்லை.

கணினியிலிருந்து அக்காவின் எண்ணுக்கு இன்னொரு அழைப்புப் போட்டேன்.

"போன் உள்ளுக்கை அடிக்குது, தங்கச்சி," என்றார் அண்ணா. அவர் குரல் இறங்கிவிட்டது. "கதவுக்குக் கிட்டத்தான் அடிக்குது."

பிறகு போலீஸ் வந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். அண்ணாவைப் படியில் கீழே நிற்கச் சொன்னார்கள் போலிருக்கிறது. எனக்குக் கேட்டதெல்லாம் பூட்சுச் சத்தம், இரும்பு உரசும் சத்தம், கதவு விட்டுக்கொடுக்கும் சத்தம். யாரோ ஜெர்மனில் உரக்க, ஆனால் நிதானமாக, நான் சொல்வது கேட்கிறதா என்று கேட்டார். பதில் எனக்குக் கேட்கவில்லை. பதில் வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. இயந்திரம் எழுதினேனே, இயந்திரம் எழுதினேனே என்றுதான் வந்தது.

அண்ணா அழுகிற சத்தம் கேட்டது. அவர் எதற்காக அழுகிறார் என்று தெரியாத அந்த அரை நிமிடத்தை என் எதிரிக்கும் விரும்பமாட்டேன். எனக்கு இருக்கும் ஒரே ஆயுதம் கோபம்தானே, அவர்மேல் பாய்ந்தேன்.

"அண்ணா, வாயைத் திறந்து சொல்லுங்க."

"உயிர் கிடக்கு," என்றார். "உயிரோடை கிடக்கிறா, தங்கச்சி."

வியாழன் இரவு குளிக்கப் போனபோது வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு உடைந்து நகர முடியவில்லை. போன் கூடத்தில் சார்ஜில் மாட்டியிருந்தது. இரண்டரை நாள் குளியலறைத் தரையில் கிடந்திருக்கிறார். அங்கே தண்ணீர் வாளியும் கப்பும் வைத்திருக்கும் நம் ஆட்களின் பழக்கத்தை இங்கே பலர் கிண்டல் செய்வார்கள். அந்த வாளி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மொண்டு மொண்டு குடித்திருக்கிறார். கடைசி ஒரு பகலும் இரவும் அது காலி. சிறுநீரகம் பாதி நின்றுபோயிருந்தது, உடம்பு சில்லிட்டிருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கதவு திறந்தும் பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

திங்களன்று அறுவை சிகிச்சை நடந்தது. குழுவில் எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பலாப்பழத்தில் சந்தேகப்பட்ட புத்திசாலி, வைதேகி இல்லாவிட்டால் அக்கா இல்லை, இப்படியெல்லாம். சுதீர் அலுவலகத்தில் எனக்குக் கேக் வாங்கி வைத்தான். அதை என்னால் விழுங்க முடியவில்லை. விழுந்து கிடந்தவர் எப்படிக் குறித்தார் என்று கேட்டவர்களிடம் பக்கத்தில் ஏதோ கோளாறு என்று மழுப்பினேன், ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டியவர் அக்கா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தேன், அவ்வளவுதான். ஞாயிறு இரவே அந்த நிரலை அழித்து, அக்கா தேறும்வரை ஆட்டத்தையும் நிறுத்திவைத்திருந்தேன். அழிப்பதற்கு நான்கு விநாடிதான் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை ரயில் பிடித்து கெல்சென்கிர்ச்சன் போனேன். நாலு மணி நேரப் பயணம். ஞாயிற்றுக்கிழமைப் பயம் அவர் செத்திருப்பாரோ என்று. செவ்வாய்க்கிழமைப் பயம் அவர் உயிரோடு இருந்து என்னைக் கேட்பாரே என்று. இரண்டாவது சின்னப் பயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வழியில் இரண்டு முறை, இறங்கித் திரும்பிவிடலாமா என்று பையைத் தோளில் மாட்டி, மறுபடி கழற்றி வைத்தேன்.

வீடியோவில் பார்த்ததைவிட அக்கா மிகவும் சிறிய உருவம். கட்டிலில் பாதிகூட நிறையவில்லை. உதடு வெடித்திருந்தது, கண்ணாடி இல்லாததால் முகம் யாரோ மாதிரி இருந்தது. நான் பெயரைச் சொன்னதும் ஊசி மாட்டாத கையை நீட்டி என் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை. இவ்வளவு தூரம் ஏன் வந்தாய், சாப்பிட்டாயா என்று கேட்டார். வந்து சேர்ந்துவிட்டேன் என்று உளறினேன். பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். குரல் காற்றாகத்தான் வந்தது, நான் குனிந்து கேட்டேன்.

"விழுந்த உடனை எனக்குப் பயம் வரேல்லை, பிள்ளை. நோவுதான். விடிய ஏழரைக்கு என்ர கணிப்பு வராது, வைதேகி சும்மா இருக்கமாட்டா, கத்திக்கொண்டு போன் அடிப்பா எண்டு நினைச்சன். அதை நம்பித்தான் அந்த இரவு முழுக்கக் கிடந்தன்."

நழுவியிருந்த போர்வையை இழுத்துவிட்டேன்.

"வெள்ளி விடிஞ்சு ஆட்டம் முடியிற நேரம் போன் டிங் டிங் எண்டு அடிச்சுது. அப்பாடா, தேடத் தொடங்கிட்டினம் எண்டு அழுதே போட்டன். பிறகு ஒண்டுமில்லை. சனிக்கிழமை இன்னும் கூட அடிச்சுது. நிப்பாட்டாமல் அடிச்சுது. இத்தினை பேர் தேடினம், ஏன் ஒருத்தரும் வரேல்லை? அப்பதான் பிள்ளை எனக்குப் பயம் வந்தது. நான் செத்துப்போனன், அது எனக்குத்தான் தெரியேல்லை எண்டு நினைச்சன்."

தண்ணீர் கேட்டார். குழாய் வைத்த கோப்பையைப் பிடித்தேன், இரண்டு வாய் உறிஞ்சினார். போனை நர்ஸ் அலுமாரியில் வைத்திருப்பதாகவும் கண்ணாடி இல்லாமல் படிக்க ஏலாது என்றும் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் என்ன எழுதினனீங்கள்?"

ரயிலில் ஒத்திகை பார்த்த எந்த வாக்கியமும் இந்தக் கேள்விக்கு ஒத்துவரவில்லை. பொய் சொல்லலாம். கவலைப்பட்டோம், தேடினோம், விலாசம் கிடைக்கத் தாமதம் என்று சொன்னால் நம்பிவிடுவார். கண்ணாடி வருவதற்குள் குழுவில் எழுதியதையெல்லாம் அழித்துவிடக்கூட எனக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்ததை மறைக்கவில்லை.

"பாராட்டு அக்கா," என்றேன். "நீங்க சனிக்கிழமை பதினேழு எடுத்தீங்கன்னு பாராட்டு."

அவருக்கு விளங்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். சுதீரின் நச்சரிப்பு, என் எரிச்சல், அவரைப் போலவே குறிக்கும் அந்த நிரல், யாரிடமும் சொல்லாமல் விட்டது, போட நினைத்துப் போடாத அடையாளம். சனிக்கிழமை பொறாமையில் நான் எழுதி அனுப்பிய அந்த ஒரு வரியையும் எழுத்து மாறாமல் சொன்னேன். அதுவும் அந்த டிங் சத்தங்களில் ஒன்று. என் கண்ணீர் போர்வையில் விழுந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, கேட்டால் மன்னித்தாக வேண்டிய வேலையையும் அவர் தலையில் கட்டிய மாதிரி ஆகும்.

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தார். என் கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின, எனக்கு வலித்தது. நர்ஸ் வந்து மருந்து இறங்கும் பையை மாற்றிவிட்டுப் போனாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"இப்ப நான் எத்தினையாம் இடம்?" என்று கேட்டார்.

"முதல் இடம், அக்கா."

"அந்த மூண்டு நாளுக்கும் எனக்குச் சைபர் போடு, பிள்ளை," என்றார். "நான் அங்கை இருக்கேல்லை."

ஒற்றைக் கையால் என் போனில் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளிக்கு ஒரு பூச்சியம். சனிக்கு ஒரு பூச்சியம். ஞாயிற்றுக்கு ஒரு பூச்சியம். கண்ணாடி இல்லாத அவருக்குத் தெரியும்படி எழுத்தைப் பெரிதாக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். அவருடைய பெயர் ஒவ்வொரு இடமாக இறங்கி ஏழாவதாகப் போய் நின்றது. அவர் தலையைத் தூக்கி, உதட்டை அசைத்து அந்த மூன்று பூச்சியங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். அதன் பிறகுதான் என் கையை விட்டார்.